நூற்றியெண்பது

நீலப் பேனையால் என் உடம்பில்
புள்ளி வைத்தாள் சுரங்கி,
பெரியாஸ்பத்திரி மேல்மாடியில்,
மின்விசிறி நின்றுபோன ஒரு செவ்வாயில்.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒன்று.
முழங்கால் சில்லுக்குக் கீழே நாலு விரல் தள்ளி ஒன்று.
கணுக்காலின் உட்பக்கம். உள்ளங்கால் பள்ளம்.
உச்சந்தலைக்கு வந்தபோது
தையல் தழும்பைத் தடவிப் பார்த்து
கொஞ்சம் விலக்கி வைத்தாள்.
"இங்க அமத்து. மூணு நிமிசம். மெது, மெது."
தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும்
எனக்குச் செலவழித்துவிட்டுச் சிரித்தாள்.

நாலாம் கட்டையில் மாடு குறுக்கே வந்ததும்
ஸ்கூட்டி சரிந்ததும் எனக்கு நினைவில்லை.
மற்றவர்கள் சொல்லிச் சொல்லி
அது எனக்கு நடந்ததாகிவிட்டது.
பதினான்கு மாதம்.
நடக்கிறேன். கதைக்கிறேன். தேங்காய் துருவுகிறேன்.
"நல்லாத்தானே இருக்கிறாய்" என்கிறார்கள்.
நல்லாத்தான் இருக்கிறேன்,
பகல் பதினொன்றரை வரை.

பிறகு வருவது நித்திரை இல்லை.
நித்திரை கதவைத் தட்டிவிட்டு வரும்.
இது உட்துறைமுகத் தண்ணீர் மாதிரி:
அலையில்லை, சத்தமில்லை,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
படியின் கடைசிக் கல் காணாமற் போயிருக்கும்.
ஒரு கையில் வெண்டிக்காய், மறு கையில் கத்தி.
எதை எதால் வெட்டுவது என்று
நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.
பஸ் நிலையத்து மான்கள்
ஹோர்ன் அடித்தாலும் எழும்பாமல் கிடக்குமே,
அவற்றில் எனக்கு இப்போது கோபமில்லை.

மத்திய வீதி இரும்புக்கடையில்
பதினொரு வருடம் காசுமேசையில் இருந்தவள் நான்.
ஐந்து ரூபாய் குறைந்தாலும்
முதலாளி ஷட்டர் இறக்கமுதல் பிடித்துவிடுவேன்.
இப்போது பாண்காரன் தரும் மிச்சக்காசை
எண்ணாமல் டப்பாவில் போடுகிறேன்.
எண்ணினால்
மத்தியானம் சமைக்க ஆளிருக்காது.

இரவு எட்டரைக்கு நீ வருவாய்.
படகு எஞ்சின் கழற்றிய விரல்கள்,
சவர்க்காரத்துக்கும் போகாத டீசல்.
குளித்ததில் அழிந்த புள்ளிகளைத்
திரும்ப வைத்து, கதிரையை இழுத்துப் போட்டு
அமத்தத் தொடங்குவாய். ஒன்று, இரண்டு, மூன்று…
ஒரு புள்ளிக்கு நூற்றியெண்பது.

இது வேலை செய்யுதா என்று கேட்கிறார் உன் அண்ணன்.
தெரியாது.
முன்பு பதினொன்றரை,
இந்த மாதம் சில நாளில் பன்னிரண்டு.
அந்த அரை மணித்தியாலம் உன் விரலா, குளிசையா,
வெறுமனே கழிந்த நாட்களா?
யாரிடம் பற்றுச்சீட்டுக் கேட்பது?

நேற்றுத் திடீர் மழை. கரண்ட் இல்லை.
இடது காலில் எண்ணிக்கொண்டிருந்தாய்,
பாதிக் குரல், பாதிக் கொட்டாவி.
நூற்றியிருபத்தெட்டு, நூற்றியிருபத்தொன்பது,
நூற்றிநாற்பது.

"பத்து குறையுது," என்றேன்.

விரல் நின்றது.
இருட்டில் உன் முகம் தெரியவில்லை.
"தைப்பொங்கல் தொடக்கம் அப்பிடித்தான் எண்ணுறன்.
ஒவ்வொரு புள்ளிக்கும்.
நீ ஒருநாளும் பிடிக்கேல்லை."

களவா, சோதனையா என்று நான் கேட்கவில்லை.
உனக்கும் அது முழுதாகத் தெரிந்திருக்காது.

தலைக்கு ஒன்று. மற்ற நாலும் இரண்டு பக்கம்.
ஆக ஒன்பது. ஒன்பது தரம் பத்து தொண்ணூறு.
தைப்பொங்கலிலிருந்து எத்தனை நாள்
என்று பெருக்கப் போனேன்.
அங்கே தண்ணீர் ஏறிவிட்டது.

"பாக்கி இருக்கு. எழுதி வையுங்கோ."

ஃபோன் வெளிச்சத்தில் தாள் தேடினாய், கிடைக்கவில்லை.
என் முழங்காலுக்குக் கீழே, புள்ளிக்குப் பக்கத்தில்,
தொண்ணூறு என்று இலக்கத்தில் எழுதினாய்.
பேனை கூசியது.
பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பிப் போனாய்:
நூற்றிமுப்பது.

நூற்றிமுப்பத்திரண்டு வரை
எனக்குக் கேட்டது.